ஒரு மென்பொருள் நின்றுபோனால் உங்கள் பாட்டு என்னாகும்? 'லில்லிபாண்ட்'டை நீங்களே கட்டிப் பார்க்கலாம்

2024 ஆகஸ்ட் 26. கணினியில் இசை எழுதுபவர்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. 1988-இல் வெளியான 'ஃபினாலே' மென்பொருளை இனி மேம்படுத்தப் போவதில்லை என்று அதன் நிறுவனமான மேக்மியூசிக் சொன்னது. ஓராண்டுக்குப் பிறகு புதுக் கணினியில் அதைச் செயல்படுத்தவே முடியாது என்றும் முதலில் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த முடிவை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

காசு கொடுத்து வாங்கிய மென்பொருள்தான். அதில் எழுதியதும் உங்கள் பாட்டுதான். ஆனால் அந்தக் கோப்பைத் திறக்கும் சாவி வேறொருவர் கையில் இருந்திருக்கிறது. சிக்கல் அங்கேதான்.

சாவியை நம்ம கையிலேயே வைத்துக்கொள்ள முடியுமா? முடியும். அதற்கு ஒரு வழி 'லில்லிபாண்ட்' என்ற திறந்த மூல மென்பொருள். அதை மூல நிரலில் இருந்து நீங்களே கட்டி, உங்கள் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். எப்படி என்று பார்ப்போம்.

இதற்கும் லகாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஈப்போவிலிருந்து பத்து காஜா பக்கம் போனால் லகாட் வரும். கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈய வட்டாரம் அது. உலகின் வளமான ஈய வயல்களில் ஒன்று என்று ஒரு காலத்தில் பேசப்பட்ட இடம். லம்பங்கள் மூடிவிட்டன, குளங்கள் மிச்சம். 1938-இல் கட்டிய ராட்சத ஈயக் கப்பல் இன்றும் தஞ்சோங் துவாலாங் போகும் வழியில் காட்சிப் பொருளாக நிற்கிறது.

நம்ம ஊர்ல ஈயம்னு சொல்றது வெள்ளீயம். அதை முக்கியமாகக் கொண்ட கலப்பு உலோகம்தான் பியூட்டர். கோப்பை, தட்டு, பரிசுச் சின்னம் என்று நாம் பார்க்கிற அதே பியூட்டர்தான். ஐரோப்பாவில் சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இசைத் தாள்களை அச்சிட இந்தப் பியூட்டர் தகடுகளைத்தான் பயன்படுத்தினார்கள். வேலை செய்பவர் ஐந்து பல் உள்ள கருவியால் ஐந்து கோடுகளையும் ஒரே இழுப்பில் கீறுவார். ஒவ்வொரு சுரத்தின் தலையையும் இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் தட்டுவார். எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாக மாறி இருக்கணும். தப்பு வந்தால் தகட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தட்டிச் சமமாக்கி, மறுபடியும் ஆரம்பம்.

அந்தக் கைவேலையின் அழகைக் கணினியில் கொண்டுவர நினைத்தவர்கள் நெதர்லாந்தைச் சேர்ந்த ஹான்-வென் நியன்ஹூயிஸ், யான் நியூவன்ஹூய்சன் என்ற இரண்டு இசைக்காரர்கள். 1996-இல் 'லில்லிபாண்ட்'டை ஆரம்பித்தார்கள். கையால் செதுக்கி 1950-இல் வெளியான பாஹ்கின் செல்லோ இசைத் தாள்தான் அவர்களுக்கு ஓர் அளவுகோல். இரண்டு சுரங்களுக்கு நடுவே எவ்வளவு இடம், கோட்டின் தடிமன் எவ்வளவு என்று பழைய தாள்களை அளந்து, அந்த விதிகளை நிரலாக எழுதினார்கள்.

லில்லிபாண்டில் இசையை எப்படி எழுதுவது?

மவுஸால் சுரங்களை இழுத்துப் போடும் வேலை இதில் கிடையாது. சாதாரண எழுத்துக் கோப்பில் தட்டச்சு செய்கிறீர்கள். 'சி' என்ற ஆங்கில எழுத்தும் 4 என்ற எண்ணும் சேர்ந்தால் கால் சுரம். 8 போட்டால் அதில் பாதி. எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தால் ஒன்றரை மடங்கு. கோப்பைச் சேமித்து மென்பொருளிடம் கொடுத்தால், அச்சுக்குத் தயாரான பிடிஎஃப் கிடைக்கும்.

பாடல் வரியைத் தமிழிலேயே எழுதலாம். யூனிகோடு எழுத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். அசைகளுக்கு நடுவே இரண்டு சிறு கோடு போட்டால் ஒவ்வோர் அசையும் அதற்கான சுரத்துக்குக் கீழே போய் உட்காரும். 'பாட்டு' என்ற சொல்லை 'பாட்' என்றும் 'டு' என்றும் பிரிக்கலாம். ஆனால் 'கொ' மாதிரி எழுத்தில் கொம்பையும் காலையும் தனியாகப் பிரித்துவிடாதீர்கள், எழுத்து உடைந்துவிடும். கணினியில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் வெறும் கட்டங்கள்தான் தெரியும். நோட்டோ தமிழ் எழுத்துரு ஒன்றை முதலிலேயே போட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு வசதி: 1 கட்டையில் எழுதிய பாட்டை 5 கட்டைக்கு மாற்ற ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். மிஸ்ர சாபு மாதிரி ஏழு எண்ணிக்கை வந்தால் அதை 3, 2, 2 என்று பிரித்துக் காட்டவும் சொல்லலாம்.

எழுத்துக் கோப்பு என்பதுதான் இங்கே முக்கியம். லில்லிபாண்டே நாளைக்கு இல்லாமல் போனாலும், எந்தக் கணினியிலும் அந்தக் கோப்பைத் திறந்து என்ன சுரம், என்ன வரி என்று கண்ணால் படிக்க முடியும்.

மூல நிரல், கம்பைல் என்றால் என்ன?

ஈய மணலை நினைத்துக்கொள்ளுங்கள். அதை உருக்கினால் ஈயக் கட்டி. மனிதர் எழுதிப் படிக்கக்கூடிய மூல நிரல்தான் மணல். கணினியில் ஓடும் மென்பொருள்தான் கட்டி. உருக்கும் வேலைக்குப் பெயர் கம்பைல்.

பல நிறுவனங்கள் கட்டியை மட்டும் விற்கும். மணலைக் காட்டாது. கட்டியை வாங்கியவரால் அதைத் திரும்ப மணலாக்க முடியாது. அதனால் நிறுவனம் கையை விரித்தால் கதை முடிந்தது. லில்லிபாண்ட் ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. மணலும் உங்களுடையது, உலையும் உங்களுடையது. திருத்தலாம், பகிரலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் உருக்கலாம்.

எல்லாரும் கம்பைல் பண்ணணுமா?

வேண்டாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் தயாராகக் கட்டிய தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. பாட்டு எழுதுவது மட்டும்தான் நோக்கம் என்றால் அதை இறக்கிப் பயன்படுத்துங்கள். மவுஸ் பிடித்து வேலை செய்வதுதான் பிடிக்கும் என்றால் 'மியூஸ்ஸ்கோர்' இருக்கிறது. அதுவும் திறந்த மூலம்தான்.

அப்படியானால் யாருக்கு இந்தக் கம்பைல் வேலை? தயார் தொகுப்பு இல்லாத வகைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு. லினக்ஸ் விநியோகத்தில் பழைய பதிப்பு மட்டும் கிடைத்து, புதியது தேவைப்படுபவர்களுக்கு. நம் இசைக்கு வேண்டிய ஒன்றை உள்ளே போய்ச் சேர்க்க நினைப்பவர்களுக்கு. 'இதை என்னால் கட்ட முடியுமா?' என்று ஒரு தடவை செய்து பார்க்க ஆசைப்படும் மாணவர்களுக்கும்தான்.

படிப்படியாக எப்படிச் செய்வது?

உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் மட்டும் இருந்தால், அதற்குள்ளேயே லினக்ஸை ஓடவிடும் டபிள்யூஎஸ்எல் போதும். கீழே தமிழில் இருக்கும் கட்டளைகளை டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டணும்.

1. தேவையானவற்றைச் சேர்ப்பது. லில்லிபாண்ட் தனியாக நிற்காது. நீங்கள் எழுதும் இசை மொழியைப் புரிந்துகொள்ளும் பகுதியை உருவாக்க 'ஃப்ளெக்ஸ்', 'பைசன்' வேண்டும். சுர வடிவங்களைச் செய்ய 'மெட்டாபோஸ்ட்', 'ஃபான்ட்ஃபோர்ஜ்' வேண்டும். 'கைல்' அதன் உள் மொழி. தமிழ் உள்பட எல்லா எழுத்தையும் சரியாக அடுக்குவது 'பாங்கோ'. இவற்றை ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம்: 'ஆப்ட் பில்ட்-டெப் லில்லிபாண்ட்' என்ற கட்டளை பெரும்பாலானவற்றைக் கொண்டுவந்துவிடும். அதற்கு முன் மென்பொருள் அமைப்புகளில் மூல நிரல் களஞ்சியத்தை இயக்கியிருக்கணும். உபுண்டுவில் அது வழக்கமாக அணைந்திருக்கும். பலர் முதலில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

2. நிரலை இறக்குவது. லில்லிபாண்டின் நிரல் கிட்லேப் தளத்தில் இருக்கிறது. 'கிட் குளோன்' செய்தால் 1996-க்குப் பிந்தைய மாற்றங்களின் வரலாறும் சேர்ந்தே வரும். அவ்வளவு வேண்டாம் என்றால் நிலையான பதிப்பின் சுருக்கப்பட்ட கோப்பை மட்டும் எடுக்கலாம். பதிப்பு எண்ணில் நடுவில் இருப்பது இரட்டைப்படை என்றால் நிலையானது, ஒற்றைப்படை என்றால் இன்னும் சோதனையில் இருப்பது. 2022 டிசம்பரில் வந்த 2.24 நிலையான வகை.

3. தயார்படுத்துவது. கிட் மூலம் இறக்கியிருந்தால் முதலில் 'ஆட்டோஜென்' என்ற சிறு நிரலை, 'கன்ஃபிகர்' வேண்டாம் என்ற குறிப்போடு, ஓடவிடுங்கள். பிறகு 'பில்ட்' என்று ஓர் அடைவை உண்டாக்கி, அதற்குள் போய் 'கன்ஃபிகர்'ஐ ஓட்டுங்கள். இது உங்கள் கணினியைத் தட்டித் தட்டிப் பார்க்கும்: எது இருக்கிறது, எது இல்லை, எது பழசு. 'ப்ரிஃபிக்ஸ்' என்ற தெரிவில் உங்கள் சொந்த அடைவைக் குறிப்பிட்டால், பிறகு நிர்வாகி அனுமதி இல்லாமலே நிறுவலாம். பள்ளிக் கணினியில் வேலை செய்பவர்களுக்கு இது கைகொடுக்கும்.

4. கட்டுவது. 'மேக்' என்று தட்டுங்கள். நான்கு கோர் உள்ள கணினியில் 'ஜே4' என்று சேர்த்தால் நான்கு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும். திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். போய் ஒரு ஒயிட் காப்பி குடித்துவிட்டு வரலாம். 'மேக் டாக்' என்ற கட்டளையை இப்போதைக்குத் தொடாதீர்கள். அது கையேடு முழுவதையும் உருவாக்கும்; ரொம்ப நேரம் எடுக்கும்.

5. சோதிப்பது. நிறுவுவதற்கு முன்பே 'அவுட்' அடைவுக்குள் 'பின்' என்ற இடத்தில் புது லில்லிபாண்ட் தயாராக இருக்கும். நாலு சுரம் எழுதிய கோப்பை அதனிடம் கொடுத்துப் பாருங்கள்.

6. நிறுவுவது. 'மேக் இன்ஸ்டால்'. முடிந்தது. பில்ட் அடைவை உடனே அழித்துவிடாதீர்கள். பின்னால் நீக்க நினைத்தால் 'மேக் அன்இன்ஸ்டால்' அங்கிருந்துதான் ஓடும்.

பிழை வந்தால் என்ன செய்வது?

வரும். பயப்படாதீங்க. கடைசி வரியைப் பார்க்காமல், முதலில் வந்த பிழையைத் தேடுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் தொடர்ச்சிதான்.

'கன்ஃபிகர்' நின்றுபோனால், இல்லாத பொருள்களின் பட்டியலை அதுவே கடைசியில் கொடுக்கும். பெயர் பார்த்து நிறுவி, மறுபடி ஓட்டுங்கள். நூலகம் ஏற்கெனவே இருக்கிறதே என்று தோன்றினால், அதன் 'டெவ்' தொகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஓடுவதற்கு ஒன்று, கட்டுவதற்கு ஒன்று என்று டெபியன் குடும்பத்தில் இரண்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். 'கைல்' பதிப்பு பொருந்தாததும் அடிக்கடி வரும் சிக்கல்தான்.

நம்ம இசையை இதில் முழுசாக எழுத முடியுமா?

முழுசாக முடியாது. ஐந்து கோட்டுத் தாள் மேற்கத்திய இசைக்காகப் பிறந்தது. கால் சுர இடைவெளியை லில்லிபாண்ட் எழுதும். ஆனால் ஒரு கமகம் எப்படி அசைகிறது என்று சொல்ல அதில் தயாராக ஒன்றும் இல்லை.

இந்தப் போராட்டம் புதுசும் இல்லை. 1893-இல் சென்னையில் சின்னசாமி முதலியார் தென்னிந்திய இசையை ஐரோப்பிய முறையில் அச்சிட்டு வெளியிட்டார். அவருடைய தூண்டுதலில் சுப்பராம தீட்சிதர் எழுதிய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-இல் எட்டயபுரத்தில் அச்சானது. தெலுங்கில் வந்த அந்த நூல் ஒவ்வொரு கமகத்துக்கும் ஒரு குறி வைத்தது. இருக்கிற எழுத்தில் நம் இசை அடங்கவில்லை என்றதும், இசையைக் குறைக்காமல் குறிகளைக் கூட்டினார்கள்.

மூல நிரல் கையில் இருந்தால் அதையே இன்று நீங்கள் செய்யலாம். லில்லிபாண்டில் சுரங்களின் பெயர்ப் பட்டியலே ஒரு தனிக் கோப்பு. அதைப் பார்த்து ச ரி க ம முறைக்கு ஒரு பட்டியல் எழுதலாம். புதுக் குறி வேண்டும் என்றால் வரைந்து சேர்க்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

உங்கள் பங்கு என்ன?

பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ஆட்கள் பட்டணங்களுக்கு வந்து பல காலம் ஆகிவிட்டது. லயத்தில் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் கோயில் பஜனையும் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. உங்கள் பாட்டிக்கு ஒரு மெட்டு தெரியும் என்றால், முதலில் போனில் பதிவு செய்யுங்கள். பிறகு எழுதுங்கள். பதிவையும் எழுத்தையும் சேர்த்தே வையுங்கள், ஏனென்றால் குரலின் அசைவு பதிவில்தான் இருக்கும்.

சேமிக்கும்போது மூன்று விஷயம். எழுத்துக் கோப்பு, பிடிஎஃப் இரண்டையும் ஒன்றாக வையுங்கள். கோப்பின் முதல் வரியில் லில்லிபாண்ட் பதிப்பு எண்ணைக் குறிப்பிடுங்கள். பல ஆண்டு கழித்து மொழி மாறியிருந்தாலும் 'கன்வெர்ட்-எல்ஒய்' என்ற துணை நிரல் அந்த எண்ணைப் பார்த்துத்தான் கோப்பைப் புதுப்பிக்கும். பாடியவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

ஃபினாலேயில் பழைய கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது உங்கள் கணினியில் இன்னும் ஓடும்போதே எல்லாவற்றையும் 'மியூசிக்எக்ஸ்எம்எல்' வடிவில் வெளியே எடுத்துவிடுங்கள். லில்லிபாண்டுடன் வரும் மாற்றி அதைப் படிக்கும். அப்படியே அச்சுக்குப் போகாது, கொஞ்சம் கைவேலை இருக்கும். பியூட்டர் தகட்டைத் திருப்பிப் போட்டுத் தட்டுவதை விட இது சுலபம்தான்.