கையெழுத்தில் விழும் மறதியின் நிழல்

ஒரு வரி எழுதுவது விரல்களின் வேலை மட்டுமன்று. சொல்லை நினைவிலிருந்து எடுப்பது, எழுத்துகளை வரிசைப்படுத்துவது, கையசைவைத் திட்டமிடுவது என மூளையின் பல பகுதிகள் அதில் சேர்ந்து உழைக்கின்றன. அதனால் முதுமையில் அறிவாற்றல் தளரும்போது கையெழுத்தும் மாறக்கூடும்.

1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 51 வயது ஆகஸ்ட் டீட்டரிடம் பெயரை எழுதச் சொன்னார் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர். ‘திருமதி’ என்று எழுதியதுமே அந்தப் பெண்ணுக்கு மீதி மறந்துபோனது. மறதியால் வந்த எழுத்துக் கோளாறு என்று அல்சைமர் அதைக் குறித்துவைத்தார். அந்தப் பெண்ணைப் பாதித்த நோய் பின்னர் அல்சைமரின் பெயரையே பெற்றது.

இன்றைய ஆய்வாளர்கள் மின்னணுப் பலகையில் எழுதச் செய்கிறார்கள். பேனாவின் வேகமும் அழுத்தமும் மட்டுமல்ல, அது பலகையைத் தொடாமல் காற்றில் நிற்கும் நேரமும் பதிவாகிறது. தாளில் தடயமே விடாத இந்தத் தயக்கம் மிகவும் கவனிக்கத்தக்கது. அடுத்த அசைவை மூளை தேடும் நேரம் அதில் அடங்கியிருக்கிறது. அறிவாற்றலை அறியக் கடிகார முகத்தை வரையச் சொல்லும் பழைய சோதனையும் இப்போது மின்னணுப் பேனாவால் நடத்தப்படுகிறது.

மறதி மட்டுமின்றி வேறு நோய்களும் கையெழுத்தில் தெரியும்: பார்க்கின்சன் நோயில் எழுத்து வரவரச் சிறுத்துப்போவதுண்டு. ஆனால் மூட்டுவலி, பார்வைக் குறைவு, சாதாரண நடுக்கம் ஆகியவையும் எழுத்தைக் கெடுக்கும். ஆகவே கையெழுத்தை மட்டும் வைத்து மருத்துவர்கள் நோயை முடிவு செய்வதில்லை. ஒருவருடைய பழைய கையெழுத்தோடு இன்றையதை ஒப்பிடுவதே பொருத்தமானது. கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் வழக்கத்துக்கும் இந்த மருத்துவ ஆய்வுக்கும் தொடர்பில்லை.