நட்டது லட்சம்... நின்றது பத்தாயிரம்!

கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடிப் பக்கம் விவசாயிகளிடம் ‘எத்தனை மரம் வெச்சீங்க?’ என்று கேட்டால் டக்கென்று பதில் வரும். ‘இப்ப எத்தனை நிக்குது?’ என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்கள். அந்த இரண்டாவது கேள்விக்கான கணக்கை, 70 ஆண்டுகளுக்கு முன்பு வந்த ஒரு கதை ஒளிக்காமல் போட்டுக் காட்டியிருக்கிறது. குழந்தைகளுக்குப் படம் போட்டு விற்கப்படும் கதைதான். ஆனால், அதை விவசாயி படித்தால் வேறு மாதிரி தெரியும்.

கதையின் பெயர் ‘மரங்களை நட்ட மனிதன்’. 1953-ல் இதை எழுதியவர் பிரான்ஸ் நாட்டு எழுத்தாளர் ழான் ஜியோனோ. தெற்கு பிரான்ஸில் ஒரு மலைப் பொட்டல். ஊற்று வற்றி, காற்று மட்டும் ஓயாமல் வீசுகிறது. கரி மூட்டம் போட்டுப் பிழைக்கும் சில குடும்பங்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு கிடக்கின்றன. அங்கே 55 வயதில் ஒருவர் ஆடு மேய்க்கிறார். பெயர் எல்சியார் பூஃபியே. ஒரே மகனைப் பறிகொடுத்து, பின்னாலேயே மனைவியையும் பறிகொடுத்தவர். தினமும் இரவில் ஒரு மூட்டை ஓக் மரக் கொட்டைகளை மேசையில் கொட்டி, சொத்தை, வெடிப்பு, பொடிசு எல்லாவற்றையும் கழித்துவிட்டு, நல்லதாக 100 கொட்டைகளை எடுத்து வைக்கிறார். மறுநாள் அவற்றைத் தண்ணீரில் நனைத்து எடுத்துக்கொண்டு, கையில் ஒரு இரும்புக் கம்பியோடு கிளம்புகிறார். கம்பியால் குத்துகிறார், கொட்டையைப் போடுகிறார், மண்ணை மூடுகிறார். அது யாருடைய நிலம் என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

மூன்று ஆண்டுகளில் அவர் ஊன்றியது 1 லட்சம் கொட்டைகள். முளைத்தது 20,000. அதிலும் எலி கடித்தது, காய்ந்தது என்று பாதி போய்விடும் என்று அவரே கழித்துக்கொள்கிறார். மிச்சம் 10,000. நூற்றுக்குப் பத்து! அவர் புலம்பவில்லை. பத்தாயிரம் மரம் நிற்கும் என்றுதான் சொல்கிறார்.

குழந்தைகள் இந்தக் கதையில் காட்டையும் ஓடையையும் பார்ப்பார்கள். விவசாயி கண்ணுக்கு விதைத் தேர்வும் விதை ஊற வைத்தலும் நேரடி ஊன்றலும்தான் முதலில் படும். நாற்றங்காலில் பாலிதீன் பைக்குள் வளரும் கன்றுக்குப் பை அடியில் வேர் சுருண்டுகொள்ளும். நட்ட இடத்திலேயே முளைத்த விதைக்கு ஆணிவேர் நேரே கீழே இறங்கும். அதைப் பாடமாக எங்கும் சொல்லாமல், கையில் கம்பியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறார் ஜியோனோ.

தோல்வியையும் அவர் மறைக்கவில்லை. ஓர் ஆண்டு பூஃபியே 10,000 மேப்பிள் கன்றுகளை வைக்கிறார். அத்தனையும் செத்துப் போகின்றன. மறு ஆண்டு மேப்பிளை விட்டுவிட்டு, அந்த மண்ணில் நன்றாக வந்துகொண்டிருந்த பீச் மரத்துக்கே திரும்புகிறார். ஈரம் இருக்கும் என்று தோன்றிய பள்ளங்களில் பிர்ச் மரம் போடுகிறார். இளங்கன்றுகளை ஆடு மேய்ந்துவிடும் என்பதால், பிழைப்பே அதுவாக இருந்தும் ஆடுகளைக் குறைத்து 4 மட்டும் வைத்துக்கொண்டு, தேனீப் பெட்டிக்கு மாறுகிறார். இரண்டு உலகப் போர்கள் வந்து போகின்றன, அவர் ஊன்றிக்கொண்டே இருக்கிறார். வற்றிய ஓடையில் தண்ணீர் வருகிறது, விட்டுப்போன ஊருக்குச் சனம் திரும்புகிறது. வனத்துறை அதிகாரி ஒருவர் வந்து, இது தானாக வளர்ந்த இயற்கைக் காடு, வெளியே தீ மூட்டக் கூடாது என்று அவரையே எச்சரித்துவிட்டுப் போகிறார். படிக்கும்போது சிரிப்பு வரும் இடம் அது. வனத்துறை என்றால் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது!

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவின் ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ இதழ், மறக்க முடியாத உண்மை மனிதர் ஒருவரைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டதால்தான் ஜியோனோ இதை எழுதினார். விசாரித்துப் பார்த்தால் அப்படி ஒரு ஆளே இல்லை. இதழ் கட்டுரையைத் திருப்பிவிட்டது. ஜியோனோ உரிமையை விட்டுக்கொடுக்க, 1954-ல் ‘வோக்’ இதழில் கதை வெளிவந்து, பல மொழிகளுக்குப் போனது. 1987-ல் கனடாவில் ஃபிரெடெரிக் பாக் எடுத்த அரைமணி நேர ஓவியப்படம் ஆஸ்கர் விருதும் வாங்கியது. ஒரு வனத்துறை அதிகாரிக்கு 1957-ல் எழுதிய கடிதத்தில், பூஃபியே தன் கற்பனைதான் என்று ஜியோனோ ஒப்புக்கொண்டார். மரம் நடுவதில் ஜனங்களுக்கு ஆசை வர வேண்டும் என்பதே நோக்கம் என்றும், அந்தக் கதையால் தனக்கு ஒரு காசு வரவில்லை என்றும் அதில் சொல்லியிருந்தார்.

பிரான்ஸில் இல்லாத அந்த ஆள், புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்தார். கீரமங்கலத்தை ஒட்டிய சேந்தன்குடியில், ‘மரம்’ தங்கசாமி என்று ஊர் உலகம் அறிந்த விவசாயி. விவசாயத்தில் நஷ்டப்பட்டுக் கடனில் நின்ற காலத்தில், மரமும் பணப்பயிர்தான் என்று வானொலியில் கேட்ட ஒரு பேச்சு அவரைத் திருப்பியது. தேக்கில் தொடங்கி சந்தனம், செம்மரம், பழமரம் என்று அவர் வளர்த்த தோட்டம்தான் ‘கற்பகச் சோலை’. வீட்டு விசேஷம் எதுவானாலும் கையில் மரக்கன்று கொடுத்து அனுப்புவது அவர் வழக்கம். கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தாம்பூலப் பையோடு கன்றையும் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறுகிற பழக்கம் இந்த வட்டாரத்தில் பரவியதில் அவர் பங்கு பெரிது.

ஆனால், கதைக்கும் சேந்தன்குடிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பூஃபியேவுக்குப் பிள்ளைகுட்டி இல்லை, வட்டி கட்ட வேண்டியதில்லை, மரத்தை விற்க வேண்டிய அவசியமும் இல்லை. இங்கே பட்டா நிலத்தில் மரம் வைப்பவருக்கு அந்த மரம் மகள் கல்யாணத்துக்கும் ஆகவேண்டும், ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ஆகவேண்டும். சந்தனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2002 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சொந்த நிலத்தில் வளர்ந்த சந்தனம் நில உரிமையாளருக்குத்தான் சொந்தம். இருந்தாலும் வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகத்தான். வேறு செடியின் வேரிலிருந்து சத்து உறிஞ்சும் மரம் என்பதால், பக்கத்தில் துவரை, பிறகு சவுக்கு, வேம்பு என்று துணைப்பயிர் வேண்டும். அது வைரம் பாயும்வரை திருட்டுக்குக் காவல் இருக்க வேண்டும். எத்தனை வருஷத்தில் வெட்டலாம், என்ன விலை போகும் என்று கேட்கிற விவசாயியைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. கடனிலிருந்து மீள மரம் வைத்தவர்தான் தங்கசாமியும்.

‘எந்த மரம்’ என்பது அடுத்த கேள்வி. இந்த மாவட்டத்துக்கு அது தழும்பான கேள்வி. காகித ஆலைக்காகத் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் இங்கே வளர்க்கும் தைலமரக் காடுகளைப் பார்த்தால் தூரத்துக்குப் பச்சையாகத்தான் தெரியும். ஆனால், மரத்துக்கு மழைநீரைத் தேக்க வெட்டும் வரப்புகளால் கண்மாய்க்கு வரத்து நின்றுவிட்டது, நிலத்தடி நீரும் இறங்கிவிட்டது என்று விவசாயிகள் பல ஆண்டுகளாக மனு கொடுத்து, போராடி வருகிறார்கள். காவிரியும் முழுசாக எட்டாமல், கண்மாயையும் குளத்தையும் நம்பியே கிடக்கும் மாவட்டம் இது. ஜியோனோ கதையில் மரம் வந்ததும் ஓடை திரும்புகிறது. எந்த மரத்தை வைத்தாலும் தண்ணீர் வரும் என்று யாராவது அதிலிருந்து எடுத்துக்கொண்டால், அது கதையின் பிழையல்ல. பள்ளத்துக்கு ஒன்று, மேட்டுக்கு ஒன்று என்று பார்த்துப் பார்த்துப் போட்டவர்தானே பூஃபியே!

பிறகு வந்தது கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறிய புயல், விடிவதற்குள் ஆலங்குடி வட்டாரத்தையும் போட்டுப் பார்த்துவிட்டது. தாத்தா வைத்த பலா, அப்பா வைத்த தென்னை, மகன் வைத்த தேக்கு எல்லாம் ஒரே ராத்திரியில் தோட்டத்துக்குள்ளேயே படுத்துக் கிடந்தன. விழுந்த தென்னையை அப்புறப்படுத்தவே காசில்லாமல் நின்றவர்கள் எத்தனையோ பேர். பலா, ஊருக்கே அடையாளம். பண்ருட்டிக்கு அடுத்துப் பலாவுக்குப் பேர்போன வட்டாரம் இது. 40, 50 வருஷத்து மரத்துக்கு எந்த நிவாரணத் தொகையும் ஈடாகாது. தங்கசாமி இதைப் பார்க்க இல்லை. அதே ஆண்டு, புயலுக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார்.

ஜியோனோவின் கதையில் புயல் இல்லை. அதனால், அங்கிருந்து நமக்குப் பதில் கிடைக்காது. கிடைப்பது அந்த மேப்பிள் கணக்கு ஒன்றுதான். செத்தது எது, நின்றது எது என்று பார்த்து, நின்றதைத் திரும்ப வைப்பது. கஜாவில் தென்னை சாய்ந்த தோட்டங்களின் வரப்பில் பனை நின்றது. எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். அதுவரை செங்கல் சூளைக்கு வெட்டி அனுப்பிய மரம் அது. புயலுக்குப் பிறகு கீரமங்கலம் பக்கத்து இளைஞர்கள் கடப்பாரையும் சாக்குமாகக் குளக்கரைகளில் பனை விதை ஊன்றக் கிளம்பினார்கள். பூஃபியேவின் கம்பிதான், இங்கே கடப்பாரை. அரசும் 2021 வேளாண் பட்ஜெட்டில் 30 மாவட்டங்களுக்கு 76 லட்சம் பனை விதைகளை அறிவித்தது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் ஆனது.

76 லட்சம் என்பது ஊன்றிய கணக்கு. நின்ற கணக்கு என்ன என்பது ஒவ்வொரு குளக்கரையிலும் நடந்து பார்த்தால்தான் தெரியும். பனை விதை முளைத்தவுடன் மேலே தலை காட்டாது. முதலில் கீழே இறங்கிக் கிழங்கு கட்டும், அதன் பிறகே குருத்து வரும். வெளியே ஒன்றும் தெரியாததால் பட்டுப்போனது என்று நினைத்துவிடுகிறார்கள். கருவேலம் அள்ள வரும் ஜே.சி.பி. அதன் மேலேயே ஏறும். தை மாதம் கிழங்குக்குத் தோண்டும் பிள்ளைகள், கோடையில் கரைக்கு வைக்கும் தீ, ஆடு என்று எலிக்குப் பதிலாக இங்கே நிறைய எதிரிகள் உண்டு. தப்பியதும் பாளை விட 12 முதல் 15 ஆண்டு ஆகும். ஆணா பெண்ணா என்பதே அப்போதுதான் தெரியும். (ஆண் பனையும் பதநீர் தரும் என்பதால், இதில் மட்டும் நஷ்டக் கணக்கு இல்லை.)

பள்ளிப் பிள்ளைகளையோ இளைஞர்களையோ கூட்டிக்கொண்டு விதை ஊன்றுகிறவர்கள் ஒரு நோட்டைக் கையில் வைத்துக்கொள்ளலாம். எந்தக் கரை, எத்தனை குழி, எந்தத் தேதி. பழத்துக்கு மூன்று கொட்டை வரை இருக்கும். சிறுத்ததையும் வண்டு துளைத்ததையும் கழித்துவிட்டு, 10 அடிக்கு ஒன்றாக, கரையின் உச்சியில் அல்லாமல் பக்கவாட்டில் ஊன்றலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஊன்றி முடித்தால் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம். மறு ஆண்டு ஆடியில் அதே நோட்டோடு கரைக்குப் போய், குருத்து விட்டது எத்தனை என்று எண்ண வேண்டும். குருத்து வராத இடத்தைத் தோண்டிப் பார்த்து, உள்ளே கிழங்கும் இல்லையென்றால் அந்தக் குழிக்குப் புதுசாக ஒரு விதை. அதற்கான பழம் அந்த ஆவணியிலேயே மரத்தடியில் விழத் தொடங்கியிருக்கும்.