செய்தி நிலையத்துக்குச் சோறிடும் கை

கொல்கத்தாத் துறைமுகத்தை அடுத்த கிடர்பூரில் குடியிருக்கிறேன். இங்குள்ள தேநீர்க் கடையில் தொலைக்காட்சிச் செய்தி ஓயாது ஒலிக்கும். "தம்பி, இத்தனை நிலையங்களுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது?" என்று துறைமுகத் தொழிலாளரான தமிழ்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்ன விடை இது.

நிலையத்தின் வரவு பெரும்பாலும் விளம்பரமே. செலவோ பல: செய்தியாளர், படப்பிடிப்பாளர், வண்டி, கேபிள்காரருக்குக் கட்டும் கட்டணம். வரவு குறைந்தால் முதலில் செய்தியாளருக்கு வேலை போகும். பிறகு செய்தி அறிக்கைகள் குறையும். பழைய நிகழ்ச்சிகளே திரும்பத் திரும்ப வரும். நால்வரை உட்காரவைத்து வாதிடச் செய்வது மலிவல்லவா? கிடர்பூர்ச் சந்தில் மழைநீர் முழங்காலளவு நின்றாலும் வந்து பார்க்க ஆளிராது.

இந்நகரில் நடந்தது இதனினும் கொடிது. சாரதா குழுமம் எளிய மக்களிடம் ஆசைகாட்டிப் பணம் திரட்டியது. சானல் 10, தாரா நியூஸ், தாரா மியூசிக் ஆகிய நிலையங்கள் அதன் கையில் இருந்தன. 2013 ஏப்ரலில் குழுமம் சரிந்தது. தலைவர் சுதீப்த சென் காஷ்மீரில் கைதானார். பணம் போட்டவர் சேமிப்பை இழந்தார். செய்தி சொன்னவர் சம்பளத்தை இழந்தார். தாரா நிலையங்களை ஏற்பதாக மே மாதம் மாநில அரசு அறிவிக்க நேர்ந்தது.

தோழர்களே, விளம்பர வரவு குறைந்தால் நிலையம் மெலியும். பிறர் சேமிப்பில் நின்றாலோ ஒரே நாளில் சாயும். ஆகவே குரலைக் கேட்பதோடு நில்லாமல், அதற்குச் சோறிடும் கை எது என்றும் கேட்போம்.