பேட்டின் நிறம் யாருக்கு?

யாழ்ப்பாணத்து வளவொன்றில் கறுத்த பேடு அடை கிடந்து எழும்பினால், பின்னால் வரும் குஞ்சுகளில் ஒன்று கறுப்பாக இருக்கும், இன்னொன்று செம்மஞ்சள், மற்றது முதுகில் கோடு போட்டது. "பக்கத்து வளவுச் சேவலின்ரை வேலை" என்று வீட்டார் பழியை வேலிக்கு அப்பால் தள்ளிவிடுவார்கள். அதிலும் உண்மை உண்டு. சேவலின் விந்து பேட்டின் உடலுக்குள் ஒன்றிரண்டு கிழமை உயிரோடு இருப்பதால், ஒரே அடைக்குப் பல தகப்பன்மார் அமையலாம்.

ஆனால் தகப்பன் ஒருவனே என்றாலும் நிறங்கள் கலந்து வரலாம்.

இறகில் இருக்கும் முக்கிய நிறப்பொருள்கள் இரண்டே: கறுப்பு, செம்பழுப்பு. சேவல் வாலில் மின்னும் பச்சை சாயமே அல்ல. கறுத்த இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பது. வெள்ளையிலும் வகை உண்டு. லெக்கோன் கோழியின் வெள்ளைக்குப் பரம்பரையலகு ஒன்று கிடைத்தாலே போதும், கறுப்பை மூடிவிடும். வேறொரு வெள்ளைக்கோ தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வரவேண்டும். அதனால் கறுத்த சோடிக்கும் வெள்ளைக் குஞ்சு பொரிக்கலாம். அயல் சேவல் பாவம்! மெண்டல் பட்டாணியில் கண்ட விதி விலங்குக்கும் பொருந்தும் என்று வில்லியம் பேட்சன் 1902இல் காட்டியதும் கோழிகளை வைத்துத்தான்.

சுவாரசியமான இடம் இனித்தான். பிறப்பது ஆணா பெண்ணா என்பது மனிதரில் தகப்பனாலும், கோழியில் தாயாலும் முடிவாகிறது. சேவலுக்கு இசட் நிறமூர்த்தம் இரண்டு. பேட்டுக்கு ஒன்றுதான், அதையும் ஆண் குஞ்சுக்கே கொடுக்கும். இறகில் வெள்ளை வரி போடும் பரம்பரையலகு இந்த இசட்டில் இருக்கிறது. வரி போட்ட பிளிமத் றொக் பேட்டை றோட் ஐலன்ட் றெட் சேவலோடு சேர்த்தால், பொரிக்கும் குஞ்சுகள் எல்லாம் கறுப்பு. உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் அது சேவல். வளர்ந்ததும் வரி விழும். பொட்டில்லாதவை பேடுகள், அவற்றுக்கு வரி இல்லை. சோடியை மாற்றி, கலப்பில்லாத வரிச் சேவலை விட்டால் எல்லாக் குஞ்சுக்கும் வரி வந்துவிடும், பிரித்தறிய வழியில்லை.

பழுப்பு முட்டைக் கோழிகளைப் பொரிப்பகங்கள் முதல் நாளே பிரிப்பதும் இப்படித்தான். செந்நிறச் சேவலை வெள்ளிநிறப் பரம்பரையலகு உள்ள பேட்டோடு சேர்க்கிறார்கள்: வெளிர்மஞ்சள் குஞ்சு ஆண், செம்பழுப்பு பெண். அப்படிப் பிரித்த செம்பழுப்புப் பேடுகளை வாங்கி ஊர்ச் சேவலோடு விட்டால் இந்தக் கணக்கு பலிக்காது. வெள்ளிநிறப் பரம்பரையலகு ஆண் குஞ்சுகளோடு பொரிப்பகத்திலேயே போய்விட்டது.