உறுதி எழுத முன்பே பேசி முடிக்க வேண்டிய திருத்தச் செலவு

ஒரு மூடை அரிசி வாங்கும்போது குத்தூசி போட்டுப் பார்க்காமல் நம்மவர்கள் வாங்குவதில்லை. புடவை வியாபாரி துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். ஆனால் வாழ்நாள் சம்பாத்தியத்தைக் கொட்டி வீடு வாங்கும்போது, முன் ஹோலில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், நல்ல வீடு" என்று சொல்லி அட்வான்ஸைக் கொடுத்து விடுகிறோம்.

நான் கட்டடப் பொருள் வியாபாரத்தில் இருப்பவன். வீட்டுக்கு உறுதி எழுதிய ஓரிரு மாதத்துக்குள் சீமெந்துக்கும் கம்பிக்கும் கூரை மரத்துக்கும் கடைக்கு வருகின்றவர்களை அடிக்கடி காண்கிறேன். "வாங்கும்போது இது தெரியல்ல காக்கா" என்பதுதான் பெரும்பாலும் அவர்கள் சொல்லும் வார்த்தை. சிலருக்குத் தெரிந்தே இருந்திருக்கும், கேட்க வெட்கப்பட்டிருப்பார்கள். இரண்டு வகையினருக்கும் நஷ்டம் ஒன்றுதான்.

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி போன்ற நம் ஊர்களில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீடு இங்கே பெரும்பாலும் பெண் பிள்ளையின் கலியாணத்தோடு சேர்ந்தே வாங்கப்படுகிறது. கலியாணத் திகதி குறித்த பிறகு வீடு தேடினால், விற்பவருக்கு நம் அவசரம் தெரிந்து விடும். அவசரக்காரனால் விலை பேச முடியாது. ஆகவே முதலாவது ஆலோசனை இதுதான்: வீட்டைப் பேசி முடித்த பிறகு கலியாண நாளைக் குறியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நமது நாட்டில் காணி, வீடு விற்பனை பற்றிய பேச்சு எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் அது கையொப்பமிடப்பட வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அன்று விதித்த இந்த விதி இன்றும் நடைமுறையில் இருக்கிறது. எதிர்காலத்தில் விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் இது பொருந்தும். "உறுதியை எழுதுங்க, கூரையை நான் திருத்தித் தாறன்" என்ற வாய் வார்த்தையை நம்பினால், பின்னர் நீதிமன்றத்தில் அதை வைத்து நிற்பது மிகவும் சிரமம்.

வீட்டில் உள்ள குறையைச் சட்டம் இரண்டாகப் பார்க்கிறது. ஒன்று, சாதாரணமாகப் பார்க்கின்ற எவருக்கும் தெரியும் குறை. மற்றது, கவனமாகப் பார்த்தாலும் தெரியாத மறை குறை. நம் நாட்டில் காணி விற்பனைக்குப் பொருந்துகின்ற உரோமன் டச்சுச் சட்டப்படி, மறை குறைக்கு வாங்கியவர் விலைக் குறைப்புக் கேட்கலாம், குறை பெரிதானால் விற்பனையையே இரத்துச் செய்யக் கேட்கலாம். கண்ணுக்குத் தெரிந்த குறைக்கு அந்த உரிமை இல்லை. வெடித்த சுவரைப் பார்த்துக் கொண்டே வாங்கியவர், பிறகு வெடிப்பைப் பற்றி முறையிட முடியாது. உறுதியில் "உள்ளபடியே விற்கப்படுகிறது" என்று எழுதியிருந்தால் மறை குறைக்கான உரிமையும் போய்விடலாம். விற்பவர் அறிந்து கொண்டே மறைத்தார் என்று நிரூபித்தால் மாத்திரம் நிலைமை வேறு. அப்படி நிரூபிக்க எத்தனை வருடம் நீதிமன்றப் படி ஏற வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டியதும், மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவன் நம்மைச் சேர்ந்தவனல்ல என்ற கருத்தில் எச்சரித்ததும் முஸ்லிம் கிரந்தத்தில் பதிவாகியுள்ள பிரபலமான ஹதீஸ். வெடித்த தட்டுக்குப் பூச்சும் பெயின்டும் அடித்து விற்பதும் ஈரத் தானியத்தை அடியில் போடுவதும் ஒன்றுதான்.

நாம் பின்பற்றுகின்ற ஷாபிஈ மத்ஹபில் இன்னும் இரண்டு நுணுக்கங்கள் உள்ளன. ஒன்று, பழைய குறை பின்னர் தெரிய வந்தால் வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது பேசிய முழு விலைக்கே வைத்துக் கொள்ளலாம். பொருளையும் வைத்துக் கொண்டு நஷ்டஈடும் கேட்பது, திருப்பிக் கொடுக்க வழியில்லாத நிலை போன்ற சந்தர்ப்பங்களில்தான். மற்றது, விற்பனை ஒப்பந்தத்துக்குள்ளேயே "விற்பவர் பிறகு இன்ன வேலையைச் செய்து தர வேண்டும்" என்று நிபந்தனை போடுவது. துணியைத் தைத்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு அதை வாங்குவது சரியான கருத்துப்படி செல்லாது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் காணலாம். ஆகவே விற்பனைக்கு முன்பே வேலையை முடிப்பிப்பது அல்லது விலையைக் குறைப்பது என்பதுதான் பேணுதலான வழி. உங்கள் ஊர் ஆலிம்களிடம் விபரத்தைச் சொல்லிக் கேட்டுக் கொள்ளுங்கள்.

நமது வாவிக்கரை வீடுகளில் என்ன பார்க்க வேண்டும்?

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இந்தச் சிறிய மணல் திட்டில் கட்டிய வீடுகளுக்கென்று தனியான வருத்தங்கள் இருக்கின்றன.

முதலாவது கொங்கிறீற். உப்புக் காற்றும், கழுவாத கடல் மணலில் கலந்த உப்பும் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்து வெளியே தள்ளும்போது தட்டின் அடிப்பாகம் வெடிக்கும். சிறிய சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் 'டங்' என்று இறுகிய சத்தம் வரும், உள்ளே விட்டுப்போன இடத்தில் பொள்ளல் சத்தம் வரும். மேல்பூச்சுப் பூசி இதைத் திருத்த முடியாது. பழுதான கொங்கிறீற்றைக் கொத்தி எடுத்து, கம்பியைத் துப்புரவாக்கி அல்லது மாற்றி, திரும்ப நிரப்ப வேண்டும். மேல் மாடி கட்டும் எண்ணத்தோடு வாங்குகின்றவர்கள் இதில் விசேட கவனம் எடுக்க வேண்டும்.

இரண்டாவது தண்ணீர். நமக்கு மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில்தான். கோடையில் பார்த்த வீட்டில் ஒழுக்கு தெரியாது. முடியுமானால் மாரியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் சீலிங்கில் பழுப்பு வளையமும் சுவரடியில் நீர்க்கோடும் இருக்கிறதா என்று தேடுங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் வளவுக்குள் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். விற்பவர் மறந்திருந்தாலும் அயலவர் மறந்திருக்க மாட்டார்.

மூன்றாவது கூரை. ஓட்டைக் கழற்றி வளையையும் சலாகையையும் பார்க்க ஓடாவி ஒருவரைக் கூட்டிப் போங்கள். கறையான் மேலே வண்ணத்துக்குள் மறைந்திருக்கும்.

நான்காவது கிணறும் மலசலகூடக் குழியும். சிறிய வளவுகளில் இரண்டும் நெருங்கியே இருக்கும். குழி நிரம்பியிருந்தால் புதிய குழி வெட்ட இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடமில்லாவிட்டால் அதைத் திருத்தச் செலவாகக் கணக்கிட முடியாது, வாங்குவதா விடுவதா என்ற கேள்வியாகிவிடும்.

ஐந்தாவது வயரிங், மின்சார, நீர்க் கட்டண நிலுவை, நகர சபை அல்லது பிரதேச சபை வரி நிலுவை. கடலோர வீடானால், உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும். அங்கே இடித்துக் கட்டும் வேலைக்கு அனுமதி தேவைப்படலாம்.

கணக்கை எப்படிப் போடுவது?

ஒரு மேசனின் பேச்சை மாத்திரம் நம்ப வேண்டாம். இருவரிடம் தனித்தனியே எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். பிறகு வேலைகளை மூன்றாகப் பிரியுங்கள். உடனே செய்யாவிட்டால் வீடு பழுதாகும் வேலைகள் முதலாவது. ஓரிரு வருடத்தில் செய்ய வேண்டியவை இரண்டாவது. டைல்ஸ் மாற்றுவது, புதிய பெயின்ட், நவீன குசினி போன்ற நம் ஆசைகள் மூன்றாவது. மூன்றாவதை விற்பவரிடம் கேட்பது நியாயமல்ல. அதைச் சேர்த்துக் கேட்டால் முதலாவதின் மதிப்பும் போய்விடும்.

கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம். கேட்கும் விலை 120 இலட்சம் என்று வைத்துக் கொள்வோம். தட்டுத் திருத்தம் 4 இலட்சம், கூரை 3 இலட்சம், வயரிங் 2 இலட்சம் என முதலாவது வகை 9 இலட்சம். இரண்டாவது வகை 4 இலட்சம். 13 இலட்சத்துக்கும் பட்டியலைக் காட்டிப் பேசத் தொடங்கலாம். முதலாவது வகையின் 9 இலட்சத்துக்குக் கீழே இறங்குவதில்லை என்று மனதில் ஓர் எல்லையை வைத்துக் கொள்ளுங்கள். எல்லையை முன்கூட்டியே குறிக்காதவர் கடைசியில் தேநீரோடு சேர்த்து அதையும் விழுங்கி விடுவார்.

ஒரு விடயத்தைக் கேட்டுத் தெளிவாகுங்கள். இந்த வீட்டின் பழமையைக் கருதி ஏற்கனவே விலை குறைத்துச் சொல்லப்பட்டதா? அயலில் இதே அளவு நல்ல வீடு 135 இலட்சத்துக்குப் போகிறது என்றால், 120 என்ற விலையிலேயே குறை கழிக்கப்பட்டிருக்கிறது. மறுபடியும் கழிக்கச் சொல்வது அநியாயம்.

எப்படிப் பேசுவது?

சிறிய ஊர். விற்பவரும் வாங்குபவரும் ஒரே பள்ளியில் தொழுகிறவர்கள், நாளை சம்பந்தியாகவும் ஆகலாம். வீட்டைக் குறை சொல்வது வீட்டுக்காரரைக் குறை சொல்வதாகவே காதில் விழும். ஆகவே பலர் மத்தியில் பேசாதீர்கள். இப்படிப் பேசலாம்:

"ஹாஜியார், வீடு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. உங்கட விலையையும் நாங்க குறை சொல்லல்ல. மேசன் எழுதித் தந்த கணக்கு இது. நீங்களும் உங்கட மேசனக் கூட்டி வந்து பாருங்க. அவர் சொல்ற கணக்கையும் வெச்சிப் பேசுவம்."

விற்பவரின் மேசனையும் அழைக்கச் சொல்வதால், பேச்சு மனிதரை விட்டுக் கணக்குக்குப் போகிறது. தரகரை மாத்திரம் நம்பி இதை விட வேண்டாம். வியாபாரம் முடிந்தால்தான் அவருக்குக் கூலி. திருத்தம் பற்றிய பேச்சு நீண்டால் அவருக்குச் சங்கடம்.

தீர்வுக்கு மூன்று வழிகள்

ஒன்று, விலையைக் குறைப்பது. இதுவே மிகவும் சுத்தமான வழி. வேலை நம் கையில், தரமும் நம் கையில். ஆனால் சாமான் விலை கூடினால் பாரமும் நமக்கே. 2022ஆம் ஆண்டு ரூபாயின் பெறுமதி விழுந்தபோது சீமெந்து விலை எங்கே போனது என்பதை நாம் மறக்கவில்லை. மதிப்பீடு வாங்கியதற்கும் வேலை தொடங்குவதற்கும் இடையே நாளை நீட்டாதீர்கள்.

இரண்டு, உறுதி எழுத முன் விற்பவரே திருத்துவது. விலையேற்றம் அவரைச் சேரும். ஆனால் போகின்ற வீட்டுக்கு யாரும் நல்ல சாமான் போடுவதில்லை. இந்த வழியை எடுத்தால் என்ன வேலை, என்ன அளவுக் கம்பி, எந்தத் திகதிக்குள், யார் பார்த்து ஏற்பது என்பவற்றை நொத்தாரிசு எழுதும் உடன்படிக்கையிலேயே சேருங்கள். பூச்சுப் பூச முன் நாம் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

மூன்று, பணத்தில் ஒரு பகுதியைப் பிறகு கொடுப்பது. மாரி வரும்வரை ஒழுக்குத் தெரியாது என்ற சந்தேகம் இருந்தால் சிலர் இதைச் செய்கிறார்கள். "மழை பெய்த பிறகு பார்ப்போம்" என்று விடாமல் தொகையையும் திகதியையும் குறியுங்கள். நாள் தெரியாத கடன் சண்டைக்கு விதை.

எந்த வழியானாலும் உறுதியில் உண்மையான விலையே இருக்கட்டும். முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்கக் குறைத்து எழுதுவது பொய். நாளை விற்பனையை இரத்துச் செய்து பணத்தைத் திரும்பக் கேட்க நேர்ந்தால், எழுதிய தொகையே நமக்கு எதிராக நிற்கும். வங்கியில் வசதி எடுப்பவர்கள் குறைத்த விலையை வங்கிக்கும் சொல்லி விட வேண்டும்.

யாரிடம் பேசினீர்கள்?

நம் ஊர்களில் வீடு மகளின் பெயரில் இருக்கும், விலை பேசுவது வாப்பாவாக இருக்கும். சில உறுதிகளில் பெற்றோருக்குச் சீவிய உரித்து இருக்கும். மௌத்தானவரின் சொத்தானால் வாரிசுகள் பலர். ஒருவர் ஒப்புக்கொண்ட விலைக்குறைப்பு மற்றவரைக் கட்டாது. ஐந்து பங்காளிகளில் நால்வர் 9 இலட்சம் குறைக்கச் சம்மதித்து, வெளிநாட்டில் உள்ள ஐந்தாமவர் மறுத்தால் பேச்சு ஆரம்பத்துக்கே திரும்பி விடும். அட்வான்ஸ் கொடுக்க முன் உறுதியின் பிரதியைச் சட்டத்தரணியிடம் காட்டி, யார் யார் கையொப்பமிட வேண்டும் என்று கேட்டுக் கொள்ளுங்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

இன்று வாங்குபவர் நாளை விற்பவர். வீட்டின் குறையை நீங்களே முதலில் சொல்லி விடுங்கள். சொன்ன குறைக்குப் பின்னர் வழக்கில்லை, மனக்கசப்பில்லை. "இந்தத் தட்டு வெடிச்சிருக்கு, அதுக்காகத்தான் இந்த விலை" என்று சொல்பவரிடம் வாங்குபவர் மற்ற விடயங்களிலும் நம்பிக்கை வைக்கிறார், பேரம் சீக்கிரம் முடிகிறது. கடையில் குறைச் சாமானைத் தனியாக வைத்துக் குறைந்த விலைக்கு விற்கின்ற நேர்மையான வியாபாரிகள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வீட்டையும் அப்படியே விற்போம். உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்திய இருவரின் வியாபாரத்தில்தான் பரக்கத் இருக்கிறது என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தது. அந்த பரக்கத்தை அல்லாஹ் நம் அனைவரது கொடுக்கல் வாங்கல்களிலும் தருவானாக.