எத்தனை வேலை பிடிக்கும்?

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் பெற்றோர் பலரும் கேட்பது இது: திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால் மருத்துவமனையின் எமர்ஜென்சிக்கு ஓடுவதா, கடைவீதியில் பலகை மாட்டியிருக்கும் ‘அர்ஜென்ட் கேர்’ கிளினிக் போதுமா? காப்பீட்டு நிறுவனங்களின் துண்டுப் பிரசுரத்தில் விடை சுலபம். உயிருக்கு ஆபத்தென்றால் அங்கே, இல்லையென்றால் இங்கே. ஆனால் ஆபத்தா இல்லையா என்று தெரிந்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரிதான். அது தெரியாமல்தானே மனிதர் காரில் ஏறுகிறார்.

2013இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு இந்தச் சுலபத்தைப் போட்டு உடைத்தது. வீடு திரும்பும்போது எழுதப்பட்ட நோய்ப் பெயரை வைத்து, ‘இதைச் சாதாரண டாக்டரே பார்த்திருக்கலாம்’ என்று சொல்லத்தக்க எமர்ஜென்சி வருகைகள் 6.3 சதவீதம்தான். அந்த நோயாளிகள் உள்ளே நுழையும்போது சொன்ன தொந்தரவுகள் என்னென்ன என்று பார்த்தால், மொத்த வருகைகளில் 88.7 சதவீதத்தில் அதே தொந்தரவுகள்தான் சொல்லப்பட்டிருந்தன. அந்தக் கூட்டத்தில் 11.1 சதவீதத்துக்கு உடனடிச் சிகிச்சை தேவைப்பட்டது, 12.5 சதவீதம் உள்நோயாளிகளாகச் சேர்க்கப்பட்டார்கள். அஜீரணமும் மாரடைப்பும் வாசலில் ஒரே மாதிரிதான் பேசுகின்றன.

அப்படியானால் வாசலில் நிற்கும் நர்ஸ் எப்படிப் பிரிக்கிறார்? அங்கேதான் ஓர் அழகான தந்திரம் இருக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாக உள்ள ‘எமர்ஜென்சி சிவியரிட்டி இண்டெக்ஸ்’ என்ற ஐந்துபடி முறை, என்ன நோய் என்று கேட்பதே இல்லை. இப்போதே உயிரைக் காப்பாற்ற வேண்டுமா? முதல் படி. காத்திருக்க வைப்பது ஆபத்தா, நினைவு குழம்பியிருக்கிறதா, தாங்க முடியாத வலியா? இரண்டாம் படி. இரண்டும் இல்லையென்றால் நர்ஸ் எண்ணத் தொடங்குகிறார்: இவருக்கு எத்தனை வகை வேலை பிடிக்கும்? இரண்டோ அதற்கு மேலோ என்றால் மூன்றாம் படி, ஒன்று என்றால் நான்கு, ஒன்றுமில்லை என்றால் ஐந்து. எண்ணும் விதியும் ருசியானது. பத்து ரத்தப் பரிசோதனை செய்தாலும் கணக்கில் ஒன்றுதான். ஆனால் ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் சேர்ந்தால் இரண்டு. டிரிப்ஸ் கணக்கில் வரும், மாத்திரை வராது. சிறு காயத்துக்குத் தையல் ஒன்று. டெட்டனஸ் ஊசி பூஜ்யம். மூன்றாம் படி என்று தோன்றினால் நாடித்துடிப்பு, மூச்சு, ஆக்சிஜன் அளவை மறுபடி பார்ப்பார். அவை எல்லை மீறினால் இரண்டுக்கு ஏற்றுவது பற்றி யோசிப்பார். 1990களின் இறுதியில் வந்த முறை இது. அர்ஜென்ட் கேர் கிளினிக்குகள் 1970களிலேயே தலைகாட்டிவிட்டன. வரலாறு இவ்வளவு போதும்.

நோயாளியும் இதே கணக்கைக் கடன் வாங்கலாம் என்பது என் வாதம். அர்ஜென்ட் கேர் ஒரு பஞ்சர் கடை. காற்றடிக்கும், ஒட்டுப் போடும், ட்யூப் மாற்றும், நின்ற நிலையிலேயே அனுப்பிவிடும். எஞ்சின் தட்டுகிறது என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் கடைக்காரர் காது கொடுத்துக் கேட்பார், உதட்டைப் பிதுக்குவார், பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு வழி சொல்வார். வண்டியையாவது ராத்திரி அங்கேயே நிறுத்திவிட்டு வரலாம், வயிற்றை விட்டுவிட்டு வர முடியாது. சுளுக்கிய கணுக்கால், தையல் கேட்கும் வெட்டு, சிறுநீர் எரிச்சல், காதுவலி எல்லாம் ஒரு வேலையில் முடியும் சங்கதிகள். கடும் வயிற்றுவலிக்கு ரத்தமும் பார்க்க வேண்டும், சிடி ஸ்கேனும் எடுக்க வேண்டும். அது ஒர்க்‌ஷாப் கேஸ். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல் என்றால் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே 911ஐ அழைக்க வேண்டும்.

பயிற்சி பெற்ற நர்ஸின் கணக்கைச் சாதாரண மனிதர் போட முடியுமா என்று கேட்கலாம். துல்லியமாக முடியாதுதான். ஆனால் நோயின் பெயரை ஊகிப்பதைவிட, என்னென்ன கருவி தேவைப்படும் என்று ஊகிப்பது எளிது. சந்தேகம் வந்தால் ஒரு படி மேலே வைத்துக்கொள்ளலாம். கிளினிக்குகள் பெருகினால் நாட்டின் மருத்துவச் செலவு இறங்கிவிடும் என்ற விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். 2021இல் ‘ஹெல்த் அஃபேர்ஸ்’ இதழில் வந்த கணக்குப்படி, அவ்வளவாக அவசரமில்லாத ஓர் எமர்ஜென்சி வருகை குறைவதற்கு 37 அர்ஜென்ட் கேர் வருகைகள் கூடியிருந்தன. கடை பக்கத்தில் இருந்தால், வீட்டில் கஷாயம் குடித்துப் படுத்திருக்க வேண்டியவரும் எழுந்து போய்விடுகிறார்.