மனக்காயம் ஆறும்போது வலிப்பதேன்?

காலில் குத்திய முள் உள்ளேயே முறிந்துவிட்டால், மேல்தோல் மூடிக்கொண்டாலும் உள்ளே சீழ் பிடிக்கிறது. மருத்துவர் அதைக் கீறி எடுக்கும்போது முன்னைவிட அதிகமாக வலிக்கிறது. அதற்காக நாம் மருத்துவரைக் குறை சொல்வதில்லை. ஆனால் மனக்காயத்திற்குச் சிகிச்சை பெறும் ஒரு பெண் சில நாள் கூடுதலாக அழுதால், "அங்கே போகாமலே இருந்திருக்கலாம்" என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். இது சரிதானா?

விபத்து, வன்முறை, வெள்ளம் போன்ற கொடிய அனுபவங்களுக்குப் பின் சிலருக்கு அந்நினைவு கனவாகவும் திடுக்கிடலாகவும் திரும்பத் திரும்ப வருகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-ஆம் ஆண்டில் இதைத் தனி நோயாக ஏற்றுப் பெயரிட்டது. இந்நோயுற்றோர் அந்த இடத்தையும் அதைப் பற்றிய பேச்சையும் தவிர்ப்பர். அதனால் அப்போதைக்கு நிம்மதி கிடைக்கும். ஆனால் 'அது முடிந்துபோன நிகழ்ச்சி' என்பதை மனம் கற்றுக்கொள்ள வாய்ப்பில்லாமல் போவதால், பயம் அப்படியே தங்கிவிடுகிறது.

எட்னா ஃபோவா என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் வகுத்த சிகிச்சையில், நோயாளி பாதுகாப்பான அறையில் அமர்ந்து, நடந்ததைப் பலமுறை நிதானமாகச் சொல்கிறார். மூடிய கதவைத் திறப்பதால் தொடக்கத்தில் தூக்கம் கெடலாம். கெட்ட கனவுகள் கூடலாம். 2002-ஆம் ஆண்டில் ஃபோவாவின் குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, இவ்வாறு தொல்லை கூடியவர்கள் சிறு பகுதியினரே. அவர்களும் முடிவில் மற்றவர்களைப் போலவே பயன் பெற்றனர்.

அப்படியானால் எல்லா வலியும் நல்லதா? இல்லை. முதலில் பாதுகாப்பு, அடுத்து நினைவுகூர்ந்து துயரப்படுதல், பின்பு மற்றவர்களோடு மீண்டும் உறவாடுதல் என மூன்று படிகளை ஜூடித் ஹெர்மன் என்ற மருத்துவர் 1992-இல் எழுதிய நூலில் காட்டினார். முதற்படியைத் தாண்டிக் குதித்தால் தீங்கு நேரும். இங்கிலாந்தில் சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு, விபத்து நடந்த சில நாட்களுக்குள் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேசச் செய்தனர். தொடக்கத்தில் மிகவும் பாதிக்கப்பட்டிருந்தோருள் இவ்வாறு பேச வைக்கப்பட்டவர்கள், மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் மற்றவர்களைவிடத் துன்பத்திலேயே இருந்தனர் என்று 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறுகிறது.

ஆகவே நாம் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வலி வாரத்திற்கு வாரம் தணிகிறதா? வேகத்தைக் குறைக்கச் சொன்னால் சிகிச்சையாளர் செவிசாய்க்கிறாரா? அவர் வற்புறுத்தினாலோ இழிவாகப் பேசினாலோ வேறொருவரை நாடுவதில் தவறில்லை. துன்பம் கூடிக்கொண்டே போனாலும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலும், ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. 2022-இல் நம் அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவியை 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பெறலாம்.

வீட்டிலுள்ளோர் "மறந்துவிடு" என்று சொல்வதைவிட, "உன்னோடு இருக்கிறோம்" என்று சொல்வதே மருந்தாகும். உயிர்த்தெழுந்த ஆண்டவர் தம் காயங்களை மறைக்கவில்லை. புனித தோமையாருக்குத் திறந்து காட்டினார். காயத்தைக் காட்டுவது கோழைத்தனம் அன்று. நம் தோழியருள் ஒருத்தி தன் காயத்தைக் காட்ட முன்வரும்போது, முகம் திருப்பாமல் அருகில் நிற்போமாக!